ஸ்லாவோபில்கள் சொன்னதும் ரஷ்ய அரசு எடுத்துக்கொண்டதும்

கேள்வி இது: ரஷ்யா மேற்குலகின் ஒரு பகுதி அல்ல, அது தனி நாகரிகம் என்று மாஸ்கோ இன்று பேசுவது 19-ம் நூற்றாண்டு ஸ்லாவோபில்களின், அதாவது ரஷ்யா ஐரோப்பாவைப் பின்பற்றாமல் தன் பாதையில் போக வேண்டும் என்ற சிந்தனையாளர்களின், கருத்துதானா? புடின் ஆட்சியின் சித்தாந்தத்துக்கு அவர்கள்தான் மூலவர்களா?

சுருக்கமாகச் சொன்னால், சொற்கள் பலவும் அவர்களுடையவை. அவற்றுக்கு அவர்கள் வைத்த பொருள் பெரும்பாலும் இன்றைய பொருளுக்கு நேர் எதிரானது. அதற்காக அவர்களுக்கு இதில் பங்கே இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. அவர்கள் கொள்கையில் ஆரம்பத்திலிருந்தே ஒரு ஓட்டை இருந்தது. சட்டத்தின் மேல் அவர்களுக்கு இருந்த அவநம்பிக்கைதான் அது. அரசு அந்த வழியாகத்தான் உள்ளே புகுந்தது.

தொடக்கம் 1836. பியோத்தர் சாதாயேவ் பிரெஞ்சில் எழுதியிருந்த ஒரு தத்துவக் கடிதத்தின் ரஷ்ய வடிவம் ‘தெலெஸ்கோப்’ இதழில் வெளிவந்தது. ரஷ்யாவுக்கென்று ஒரு கடந்தகாலம் இல்லை, மனித குலத்துக்கு அது எதையும் தரவில்லை, பைசாந்தியத்திடம் (கிழக்கு ரோமப் பேரரசிடம்) மதத்தை வாங்கியதால் ஐரோப்பியக் கிறிஸ்தவத்திலிருந்தே துண்டிக்கப்பட்டுவிட்டது என்பது அதன் சாரம். ஜார் முதலாம் நிக்கலாய் இதழை மூடினார், ஆசிரியர் நதேழ்தினை வடக்கே நாடுகடத்தினார், சாதாயேவைப் பைத்தியம் என்று அறிவித்து வீட்டுக் காவலில் வைத்தார். மருத்துவர் வந்து பார்த்துப் போனார். வாயை அடைத்தார்களே தவிர, கேள்வி நிற்கவில்லை. மாஸ்கோவின் வரவேற்பறைகளில் அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகள் அதே கேள்விதான் ஓடியது. பெலின்ஸ்கி, கிரனோவ்ஸ்கி போன்ற மேற்கத்தியவாதிகள், ரஷ்யா பின்தங்கியிருக்கிறது, ஐரோப்பா போன பாதையில்தான் அதுவும் போயாக வேண்டும் என்றார்கள். மறு தரப்பார், பாதையே ஒன்றுதான் என்று யார் சொன்னது என்று கேட்டார்கள். 1839-ல் அலெக்ஸேய் கோமியாகோவ் ‘பழையதும் புதியதும்’ என்ற கட்டுரையை எழுதியதும், அதற்கு இவான் கிரேயெவ்ஸ்கி மறுமொழி எழுதியதும் ஸ்லாவோபில் சிந்தனையின் பிறப்பாகக் கொள்ளப்படுகிறது.

இவர்களைப் படிப்பறிவில்லாத பழமைவாதிகளாகக் கற்பனை செய்தால் எதுவும் புரியாது. எல்லோரும் நிலக்கிழார்கள், ஐரோப்பிய மொழிகளில் ஊறியவர்கள். கிரேயெவ்ஸ்கி 1830-ல் பெர்லினில் ஹெகலின் வகுப்புகளைக் கேட்டவர், முனிச்சில் ஷெல்லிங்கைச் சந்தித்தவர். 1832-ல் அவர் தொடங்கிய இதழின் பெயரே ‘ஐரோப்பியன்’. இரண்டு இதழோடு அரசு அதைத் தடை செய்தது. கோமியாகோவ் இறையியல் எழுதினார், கவிதை எழுதினார். தான் வடிவமைத்த நீராவி எந்திரம் ஒன்றை 1851 லண்டன் கண்காட்சிக்கு அனுப்பினார். ஒவ்வொரு மக்களினத்துக்கும் தனி ஆன்மா உண்டு என்ற எண்ணத்தையே இவர்கள் ஜெர்மன் ரொமான்டிக் சிந்தனையிலிருந்துதான் எடுத்தார்கள். மேற்கை மறுக்கும் கருவியை மேற்கிலிருந்தே வாங்கினார்கள் என்பதை அவர்கள் காலத்து எதிரிகளும் கவனித்திருந்தார்கள். என் கணக்கில் அது குறையல்ல. அப்போது ஐரோப்பா முழுக்க நடந்த ஒரு விவாதத்தில் ரஷ்யா சேர்ந்துகொண்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

கிரேயெவ்ஸ்கியின் வாதத்தை 1852-ல் ‘மாஸ்கோ தொகுப்பு’ இதழில் வந்த அவரது நீண்ட கட்டுரையில் முழுமையாகப் பார்க்கலாம். மேற்கு ஐரோப்பா மூன்று வேர்களில் நிற்கிறது என்கிறார்: ரோமத் திருச்சபை, பண்டைய ரோமின் தர்க்க அறிவும் சட்டமும், படையெடுப்பில் பிறந்த அரசு. படையெடுத்தவனும் தோற்றவனும் ஒரே மண்ணில் வாழ்ந்ததால் அங்கே உறவெல்லாம் ஒப்பந்தமாயின. மனிதனின் மனமும் அறிவு வேறு, நம்பிக்கை வேறு, உணர்வு வேறு என்று கூறுபட்டது. ரஷ்யாவோ கிரேக்கத் திருச்சபைத் தந்தையரிடம் மதத்தைப் பெற்றது. ரோமச் சட்டம் அதைத் தொடவில்லை. அரசும் வெற்றியால் வரவில்லை, வரங்கியர்கள் என்ற ஸ்காண்டிநேவிய வீரர்களை மக்களே அழைத்ததால் வந்தது. ஆகவே ரஷ்ய மனம் கூறுபடாத முழுமையைக் காத்துவைத்திருக்கிறது. நாட்டை மேற்கு மாதிரியில் மாற்றிய ஜார் மகா பீட்டர்தான் அதை உடைத்தார். இதுவே அவர் வாதம்.

வரலாறாக இது தேறாது. வரங்கியர் வரவழைக்கப்பட்ட கதை ஒரு பழைய நாளாகமம் சொல்வது. பீட்டருக்கு முந்தைய மஸ்கோவியில் (பழைய மாஸ்கோ அரசில்) பண்ணையடிமை முறையை 1649-ம் ஆண்டுச் சட்டத்தொகுப்பே முழுமையாக நிலைநாட்டிவிட்டது. ஆனால் பகுத்தறிவு மட்டும் ஆளும் வாழ்க்கை மனிதனைத் துண்டாடிவிடும் என்ற விமர்சனத்துக்கு உயிர் உண்டு. கிரேயெவ்ஸ்கி கடைசிக் காலத்தில் ஓப்தினா மடாலயத்து மூத்த துறவி மகாரியோடு சேர்ந்து திருச்சபைத் தந்தையரின் நூல்களைப் பதிப்பித்தார். அந்த மடாலயத்திலேயே புதைக்கப்பட்டார். தஸ்தயெவ்ஸ்கி 1878-ல் போனதும் அதே ஓப்தினாவுக்குத்தான். ‘கரமாசவ் சகோதரர்க’ளில் வரும் சோசிமாவைத் தமிழில் படித்தவர்கள், பெயர் தெரியாமலே இந்த மரபைத் தொட்டிருக்கிறார்கள்.

கோமியாகோவின் பங்கு திருச்சபை பற்றிய கருத்து. கத்தோலிக்கத்தில் ஒற்றுமை உண்டு, சுதந்திரம் இல்லை. புராட்டஸ்டன்டு மதத்தில் சுதந்திரம் உண்டு, ஒற்றுமை இல்லை. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் மட்டும் அன்பினால் கட்டப்பட்ட சுதந்திரமான ஒற்றுமை உண்டு என்றார். பின்னால் ‘சபோர்னொஸ்த்’ என்று பேர் பெற்றது இதுதான். உண்மையைக் காப்பது போப்பும் அல்ல, ஆயர்களும் அல்ல, விசுவாசிகளின் முழுத் திரள் என்பது இதன் உள்ளடக்கம். அரசின் கீழ் ஓர் இலாகாவாக இருந்த அன்றைய ரஷ்யத் திருச்சபைக்கு இது இனிக்கவில்லை. அவரது முக்கியமான இறையியல் எழுத்துகள் பிரெஞ்சில் வெளிநாட்டில் அச்சாயின. ரஷ்ய மொழித் தொகுதியே அவர் இறந்த பிறகு 1867-ல் பிராகில்தான் வந்தது.

உலக வரலாறு பற்றியும் அவர் பக்கம் பக்கமாக எழுதினார். மதங்களையெல்லாம் இரண்டாகப் பிரித்தார்: சுதந்திரத்தைப் போற்றுபவை ‘ஈரானியம்’, கட்டாயத்துக்குத் தலைவணங்குபவை ‘குஷியம்’. சைவத்தையும் பௌத்தத்தையும் குஷியக் கணக்கில் சேர்த்தார். சைவம் பொருளை வழிபடுவது என்பது அவர் தீர்ப்பு. திருவாசகம் படித்தவர்களுக்கு இதன் அபத்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பிரிப்பு முறையை நினைவில் வையுங்கள். தனக்குப் பிடித்த குணத்தைத் தன் மக்களுக்கும், பிடிக்காததை அடுத்தவருக்கும் எழுதிவிடுவது இவர்களிடம் திரும்பத் திரும்ப வருகிறது.

அரசியல் கோட்பாட்டைத் தெளிவாகச் சொன்னவர் கான்ஸ்டான்டின் அக்ஸாகோவ். 1855-ல் புது ஜார் இரண்டாம் அலெக்சாந்தருக்கு ‘ரஷ்யாவின் உள்நிலை’ பற்றி அவர் கொடுத்த மனுவை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். ரஷ்ய மக்கள் அரசியல் மக்கள் அல்ல, அவர்கள் ஆட்சியை விரும்புவதில்லை என்று தொடங்குகிறார். ஆள்வதும் சட்டமியற்றுவதும் முழுக்க ஜாருக்கு. வாழ்க்கை, நம்பிக்கை, பேச்சு, எழுத்து, கருத்து முழுக்க மக்களுக்கு. ‘நிலம்’ ஒருபுறம், ‘அரசு’ ஒருபுறம். ஒன்றின் எல்லைக்குள் மற்றது வரக்கூடாது. பீட்டர் அந்த எல்லையைத் தாண்டி மக்களின் உடை, தாடி, பழக்கம் வரை கை வைத்தார். ஜார் அந்நிய வெற்றியாளன் மாதிரி ஆகிவிட்டார். நாடு முழுக்க லஞ்சமும் பொய்யும் அதனால்தான் என்கிறார். தீர்வாக அவர் கேட்டது முழுப் பேச்சுரிமையும், மக்கள் கருத்தைக் கேட்க ‘ஜெம்ஸ்கி சபோர்’ என்ற பழைய நாட்டவையும். அந்த அவைக்கு முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டாம், கருத்துச் சொன்னால் போதும் என்றார்.

இப்படிப்பட்டவர்களை நிக்கலாயின் அரசு எப்படி நடத்தியது என்பதிலிருந்தே இது அரசுச் சித்தாந்தம் அல்ல என்று தெரியும். அரசுக்கென்று சொந்த முழக்கம் இருந்தது: கல்வி அமைச்சர் உவாரோவ் 1833-ல் முன்வைத்த ‘ஆர்த்தடாக்ஸ் மதம், எதேச்சாட்சி, மக்கள்தன்மை’. ஸ்லாவோபில்களும் இதே மூன்றைத்தான் பேசினார்கள் என்று மேலோட்டமாகப் படிப்பவர்கள் நினைக்கிறார்கள். உவாரோவுக்கு மதமும் மக்களும் எதேச்சாட்சியைத் தாங்கும் தூண்கள். இவர்களுக்கு எதேச்சாட்சி என்பது மக்களை அரசியல் சுமையிலிருந்து விடுவிக்கும் ஓர் ஏற்பாடு மட்டும். 1849-ல் ஸ்லாவோபில் யூரி சமாரின், பால்டிக் மாகாணங்களில் ஜெர்மன் பிரபுக்களுக்கு அரசு சாதகமாக இருக்கிறது என்று எழுதிய கடிதங்களுக்காகப் பீட்டர்-பால் கோட்டையில் அடைக்கப்பட்டார். பிறகு ஜாரே நேரில் அழைத்துக் கண்டித்தார். அதே ஆண்டு மார்ச்சில் கான்ஸ்டான்டினின் தம்பி இவான் அக்ஸாகோவும் கைதாகி எழுத்தில் விசாரிக்கப்பட்டார். ஸ்லாவிய மக்களை எல்லாம் ஒன்றுசேர்க்கும் அகண்ட ஸ்லாவியத்தில் தமக்கு நம்பிக்கை இல்லை, அது நடக்காத காரியம் என்று அவர் பதில் எழுதினார். ஜார் ஓரக்குறிப்பு எழுதிவைத்தார்: ஒடுக்கப்பட்ட ஸ்லாவியர் மீது பரிவு என்ற போர்வைக்குள், அண்டை நாடுகளின் சட்டபூர்வ ஆட்சிக்கு எதிரான கலக எண்ணம் ஒளிந்திருக்கிறது என்று. 1852-க்குப் பிறகு கோமியாகோவ், கிரேயெவ்ஸ்கி, அக்ஸாகோவ் சகோதரர்கள், செர்காஸ்கி ஆகிய ஐவரும் எதை எழுதினாலும் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த தலைமைத் தணிக்கைக்கே அனுப்ப வேண்டும் என்று உத்தரவானது. கிரிமியப் போர் நடக்கும்போதே, ‘உன் நீதிமன்றங்கள் அநீதியால் கறுத்தவை, அடிமைத்தனத்தின் முத்திரை உன் மேல் இருக்கிறது’ என்ற பொருளில் ரஷ்யாவை விளித்துக் கவிதை எழுதினார் கோமியாகோவ். இன்றைய மாஸ்கோவில் போர்க்காலத்தில் இப்படி எழுதினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி கிராம சமூகம். ‘ஓப்ஷினா’ அல்லது ‘மீர்’ என்று சொல்லப்பட்ட இந்த அமைப்புதான் ஸ்லாவோபில் சிந்தனையில் தரையில் கால் பதித்த பகுதி. நிலம் தனிக் குடும்பத்துக்குச் சொந்தமல்ல, கிராமத்துக்குச் சொந்தம். மூன்று வயல் சுழற்சியில் ஒவ்வொரு வயலிலும் நல்ல மண், நடுத்தர மண், மோசமான மண் என்று பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எல்லாவற்றிலும் குறுகலான பட்டைகள் கொடுப்பார்கள். ஆள் எண்ணிக்கை மாற மாற மறுபங்கீடு செய்வார்கள். குடும்பத் தலைவர்கள் கூடும் கிராமக் கூட்டம் எல்லாரும் இசையும்வரை பேசும். கோமியாகோவ் இதைச் சபோர்னொஸ்த்தின் மண் வடிவமாகப் பார்த்தார். 1843-ல் ரஷ்யாவைச் சுற்றிப்பார்த்த ஜெர்மானியர் ஹாக்ஸ்ட்ஹவுசனின் நூல் இதை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியது. சோஷலிஸ்டான ஹெர்சனும் இதே கிராம சமூகத்தில்தான் நம்பிக்கை வைத்தார்.

1856-ல் வரலாற்றாசிரியர் பரீஸ் சிச்சேரின் இதைக் குத்திக் கிழித்தார். நிலத்தை மறுபங்கீடு செய்யும் ஓப்ஷினா ஆதிகால ஸ்லாவிய அன்பின் எச்சம் அல்ல, வரி வசூலுக்காக அரசே உருவாக்கி வளர்த்தது என்றார். அவர் சொன்னதில் எல்லாம் நிலைக்கவில்லை. ஆனால் வரியும் மறுபங்கீடும் பின்னிக் கிடந்தன என்பது உண்மை. கிராமம் முழுவதும் வரிக்குக் கூட்டுப் பொறுப்பு. அடுத்த வீட்டுக்காரன் கட்டாவிட்டால் நீ கட்டு. இந்த நிலையில் எல்லாருக்கும் வரி கட்டும் அளவுக்கு நிலம் இருக்கிறதா என்று பார்ப்பது அன்பு மட்டும் அல்ல.

1861-ல் பண்ணையடிமைகள் விடுதலையானபோது, சட்டத்தை வரைந்த குழுக்களில் சமாரினும் செர்காஸ்கியும் உட்கார்ந்து உழைத்தார்கள். நிலத்தோடு விடுதலை, ஓப்ஷினாவைக் கலைக்காமல் விடுதலை என்பதற்காக அங்கே வாதாடினார்கள். வெறும் கையோடு விடுதலை என்ற பால்டிக் மாதிரி ரஷ்யாவில் வராமல் போனதில் அவர்களுக்குப் பங்குண்டு. ஸ்லாவோபில்களின் ஆகப் பெரிய நற்காரியம் அதுவே. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நிலத்தின் விலையில் சுமார் ஐந்தில் நான்கு பங்கை அரசு நிலக்கிழாருக்கு முன்கூட்டியே கொடுத்தது. அதை விவசாயிகள் ஆண்டுக்கு 6 சதவீதம் வீதம் 49 ஆண்டுகள் திருப்பிக் கட்ட வேண்டும். பொறுப்பு முழுக் கிராமத்துக்கும். வேலை தேடி ஊரை விட்டுப் போகப் பாஸ்போர்ட் வேண்டும். அதற்குக் கிராமத்தின் சம்மதம் வேண்டும். மறுபங்கீட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அன்பின் கூட்டம் என்று வரையப்பட்டது, நடைமுறையில் கடன் வசூல் செய்யும் அமைப்பாகவும் ஊர்க்காவலாகவும் ஆனது. கூட்டுப் பொறுப்பு 1903-ல்தான் நீக்கப்பட்டது. கடன் தவணைகள் 1907 தொடக்கத்தில்தான் ரத்தாயின். 1906 நவம்பர் ஆணையால் பிரதமர் ஸ்தலீப்பின் ஓப்ஷினாவை உடைக்கத் தொடங்கினார்.

மேலே சொன்ன ஓட்டை இங்கேதான் வெளியே தெரிகிறது. கிராமத்தானுக்குக் கிராமத்துக்கு எதிராக ஒரு தனி உரிமை இல்லை. ஏன் இல்லை? உரிமை, ஒப்பந்தம், உத்தரவாதம் எல்லாம் அன்பு செத்த இடத்தில் முளைக்கும் ரோம நோய் என்பது ஸ்லாவோபில் கொள்கை. ஜார் பேச்சுரிமையைப் பறித்தால் என்ன செய்வது, உத்தரவாதம் என்ன என்ற கேள்விக்குக் கான்ஸ்டான்டின் அக்ஸாகோவின் பதில், உத்தரவாதமே தீமை என்பதுதான். அது தேவைப்படுகிற இடத்தில் நன்மை ஏற்கெனவே போய்விட்டது. உயர்ந்த எண்ணமாகத் தோன்றலாம். ஆனால் அதிகாரத்தை முழுக்க ஒரு பக்கம் கொடுத்துவிட்டு, எல்லையைக் காக்க அன்பை மட்டும் நிறுத்தினால், எல்லை அதிகாரம் இருப்பவன் சொல்கிற இடத்தில்தான் இருக்கும். அக்ஸாகோவின் மனுவே 1881-ல்தான், அவர் தம்பியின் ‘ரூஸ்’ இதழில் அச்சேற முடிந்தது. அவருக்கு முழு நம்பிக்கை இருந்த அரசு, கால் நூற்றாண்டு அவர் பேச்சை அச்சிட விடவில்லை.

மூத்தவர்கள் வரிசையாக மறைந்தார்கள்: கிரேயெவ்ஸ்கி 1856, கோமியாகோவும் கான்ஸ்டான்டினும் 1860. பிறகு வந்த திருப்பம் வேகமானது. 1863-ல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகப் போலந்து எழுச்சி. மக்களின் உள் சுதந்திரம் பேசியவர்கள், கத்தோலிக்க போலந்து ஸ்லாவியத்துக்குத் துரோகம் செய்துவிட்டது என்று எழுதினார்கள். செர்காஸ்கி போலந்து நிர்வாகத்திலேயே பதவி ஏற்றார். 1849-ல் அகண்ட ஸ்லாவியத்தை நம்பவில்லை என்று எழுதிய இவான் அக்ஸாகோவ், 1876-ல் மாஸ்கோ ஸ்லாவிய குழுவின் தலைவராக, துருக்கியரை எதிர்த்துப் போரிட்ட செர்பியாவுக்குத் தொண்டர்களைத் திரட்டி அனுப்பினார். துருக்கியோடு நடந்த போருக்குப் பிறகு கூடிய பெர்லின் மாநாட்டில் ரஷ்யா விட்டுக்கொடுத்ததை 1878 ஜூனில் அவர் மேடையில் கண்டித்தபோது, அரசு அவரை மாஸ்கோவை விட்டே வெளியேற்றியது. அரசுக்கு முன்னே ஓடினாலும் அடி, எதிரே நின்றாலும் அடி.

‘ரஷ்யாவும் ஐரோப்பாவும்’ என்ற நூலை 1869-ல் எழுதிய நிக்கலாய் தனிலெவ்ஸ்கியைப் பலரும் ஸ்லாவோபில் என்றே எழுதுகிறார்கள். அவரை நான் வேறாகவே வைப்பேன். அவர் தாவரவியல் படித்தவர், மீன்வள ஆய்வில் வேலை செய்தவர். நாகரிகங்களை உயிரினங்கள் போல வகைப்படுத்தினார். ஒவ்வொன்றும் பிறந்து வளர்ந்து வாடும், ஒன்றின் அடிப்படை இன்னொன்றுக்குப் போகாது, மனிதகுலப் பொதுமை என்று எதுவும் இல்லை என்றார். கான்ஸ்டான்டிநோப்பிளைத் தலைநகராகக் கொண்ட ஸ்லாவியக் கூட்டமைப்பு வேண்டும் என்றார். கோமியாகோவுக்கு ஆர்த்தடாக்ஸ் உண்மை உலகத்துக்கே உரியது, ரஷ்யா அதைக் காத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். தனிலெவ்ஸ்கிக்கு உலகத்துக்கு உரியது என்று எதுவுமே இல்லை. இந்த வேறுபாடு மிகப் பெரியது. தத்துவவாதி விளதீமிர் சொலொவ்யோவ் 1880-களில் இந்த இறக்கத்தைப் படிப்படியாகக் காட்டினார்: முதலில் உண்மையைச் சுமப்பவர்கள் என்பதற்காக மக்களைத் தொழுதார்கள், பிறகு அவர்களின் வலிமைக்காக, கடைசியில் அவர்களின் வரலாற்றுக் குறைகளுக்காகவே தொழுதார்கள்.

ஒரு கடைசி முயற்சியும் நடந்தது. 1882-ல் உள்துறை அமைச்சர் இக்னாத்தியேவ், இவான் அக்ஸாகோவின் ஊக்கத்தோடு, புது ஜார் மூன்றாம் அலெக்சாந்தரின் முடிசூட்டு விழாவை ஒட்டி ஜெம்ஸ்கி சபோரைக் கூட்டத் திட்டம் தீட்டினார். ஜாரின் ஆலோசகர் பொபெதனோஸ்த்செவ் அதை அறிந்து தடுத்தார். மே மாதம் இக்னாத்தியேவ் பதவி இழந்தார். எதேச்சாட்சியைப் போற்றிய இரு தரப்பு நேருக்கு நேர் மோதியதும், அரசு எந்தத் தரப்பை எடுத்துக்கொண்டது என்பதும் அந்த ஒரு சம்பவத்தில் தெளிவாகிவிட்டது. மரபின் மற்றொரு கிளை அரசியல் சட்டத்தின் பக்கம் போனது: கோமியாகோவின் மகன் நிக்கலாய் 1907-ல் மூன்றாவது தூமாவின் (நாடாளுமன்றத்தின்) தலைவரானார்.

இப்போது இன்றைய மாஸ்கோ. அது பல கடைகளில் வாங்குகிறது. ஆசியாவோடு சேர்ந்த தனிக் கண்டம் என்ற பேச்சு யூரேசியவாதிகளுடையது. 1921-ல் சோபியாவில் ட்ரூபெத்ஸ்காய், சவித்ஸ்கி முதலான புலம்பெயர்ந்தோர் தொடங்கியது, மங்கோலியப் பேரரசையே முன்னோடியாகக் கொண்டது. ஸ்லாவோபில்களுக்கு அது அருவருப்பாக இருந்திருக்கும். புடின் மேற்கோள் காட்டும் இவான் இலியின், ஹெகலை ஆராய்ந்து வளர்ந்த மன்னராட்சிவாதி. பல நாகரிகங்கள், பல பாதைகள் என்ற வாதத்துக்கு 2022-ல் வால்தாய் மன்றத்தில் ஆற்றிய உரையில் புடின் துணைக்கழைத்தது தனிலெவ்ஸ்கியை. நேர்க்கோடாக ஸ்லாவோபில்களிடமிருந்து வருவது ஒன்று உண்டு: ரஷ்யரும் உக்ரைனியரும் பெலாரஷ்யரும் ஒரே மக்கள் என்பது. 2021 ஜூலைக் கட்டுரையில் புடின் எழுதியதன் அடித்தளம் அது. அதில் பெரும்பாலான ஸ்லாவோபில்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இங்கே அவர்களைக் காப்பாற்ற முயல்வது நேர்மையாகாது.

மற்றவற்றைச் சோதிக்க எளிய வழி, மேற்கோளின் ஆண்டையும், அரசுக்கு அது எங்கே எல்லை போடுகிறது என்பதையும் பார்ப்பது. 1863-க்கு முந்தைய ஸ்லாவோபில் எழுத்தில் அந்த எல்லை கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். 2022 நவம்பரில் வந்த புடினின் 809-ம் எண் ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளுக்கு மேல் ஆன்மா, கூட்டுணர்வு, பரஸ்பர உதவி என்று அது பட்டியலிடும் ‘மரபார்ந்த ஆன்மிக, ஒழுக்க விழுமியங்க’ளில் பாதி, கிரேயெவ்ஸ்கியின் பக்கத்திலிருந்து எடுத்தது போலவே இருக்கும். அவற்றை வரையறுப்பது, காப்பது, மீறுவோரைக் கவனிப்பது எல்லாம் அரசின் வேலை என்கிறது ஆணை. 1855 மனுவில் அக்ஸாகோவ் பீட்டர் மேல் வைத்த குற்றச்சாட்டே அதுதான்: மக்களின் ஒழுக்க வாழ்வுக்குள் அரசு கால் வைத்தது.